கேட்டருகே ஒரு தலைமையாசிரியர்

போப்பையர் பெங்களூரில் பள்ளி நடத்தியவர் என்பது இந்த ஊர்த் தமிழர்களிலேயே பலருக்கு நினைவில் இல்லை. சாயர்புரம், தஞ்சாவூர், ஊட்டி என்று அவர் வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள், அங்கிருந்து ஒரே தாவலில் ஆக்ஸ்போர்டுக்குப் போய்விடுகிறார்கள். நடுவில் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் ஜி.யு. போப் பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியின் தலைவராக இருந்தார். 1871-இல் பொறுப்பேற்றவர் 1880களின் தொடக்கத்தில்தான் இங்கிலாந்துக்குத் திரும்பினார். அவருடைய திருக்குறள் ஆங்கில மொழிபெயர்ப்பு 1886-இல் வெளிவந்தது. மாணவர் சண்டையையும் பெற்றோர் புகாரையும் தீர்த்துவைத்துவிட்டு வந்த கைதான் பிறகு பொருட்பாலை ஆங்கிலத்தில் எழுதியது.

அந்தப் பொருட்பாலில் முதலாவதாக நிற்பது இறைமாட்சி. அரசனுக்கு வேண்டிய தகுதிகளை அடுக்கிக்கொண்டே போகும் வள்ளுவர், ஒரு குறளில் இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்தே வைக்கிறார். குடிமக்கள் சுலபமாகப் போய்ப் பார்க்கக்கூடியவனாக அவன் இருக்க வேண்டும். அவன் வாயில் கடுமை இருக்கக் கூடாது. முதல் நிபந்தனையோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. கண்ணில் படாத கொடுமைக்காரரிடமிருந்து கொஞ்ச நேரமாவது தப்பித்து உட்காரலாம். எந்நேரமும் எதிரே வந்துகொண்டிருப்பவரிடம் அதற்கும் வழியில்லை. போப் இந்தக் குறளைப் பெயர்த்தபோது பேனாவைக் கொஞ்சம் கீழே வைத்திருப்பார் என்று எனக்கு ஒரு நினைப்பு. ஏனென்றால் அவரே கண்டிப்புக்குப் பேர்போனவர். பள்ளித் தலைவராக அவருடைய வெற்றிக்குப் பெரிய இடைஞ்சலாக இருந்தது அந்தக் கண்டிப்புதான், சின்னச் சின்னக் கலகங்கள் அடுத்தடுத்து மூண்டு அவர் விலக வேண்டியதாயிற்று என்று கால்டுவெல் சொல்லியிருக்கிறார். பெங்களூருக்கு வருவதற்கு முந்தைய கதை அது. 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் சிலையாக நின்றுவிட்டவரைப் பற்றி இதையெல்லாம் யாரும் பேசுவதில்லை.

பள்ளிக்குப் பெயர் தந்த பிஷப் காட்டனோ இங்கிலாந்தில் ரக்பி பள்ளியில் தாமஸ் ஆர்னால்டின் கீழ் ஆசிரியராக வேலை பார்த்தவர். ஆர்னால்டின் வாழ்க்கையை எழுதிய ஸ்டான்லி ஒரு சிறிய விவரத்தைப் பதிவு செய்திருக்கிறார். ஆர்னால்டு தன் படிப்பறையில் இருக்கும் நேரங்களில் பள்ளிக் கட்டடத்தின் மேல் ஒரு கொடி பறக்குமாம். கொடி தெரிந்தால் உள்ளே போய்ப் பார்க்கலாம். தலைமையாசிரியரைப் பார்க்க மாணவன் நேரம் கேட்டு நிற்க வேண்டாம், அண்ணாந்து பார்த்தால் போதும். அதே ஆர்னால்டுதான் வேண்டாத மாணவர்களைத் தயங்காமல் வெளியேற்றியவர், பெரிய பையன்களை வைத்துச் சின்னப் பையன்களை ஆண்டவர். ஆகக் கொடியும் பிரம்பும் ஒரே கப்பலில்தான் இங்கே வந்து இறங்கின. நாம் பிரம்பை எடுத்துக்கொண்டோம். 2009 கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்திருக்கிறது. ஆனால் கடுஞ்சொல் தழும்பு காட்டுவதில்லை; புகார் கொடுப்பதற்கு ஆதாரம் கிடைப்பதும் இல்லை.

நான் இதையெல்லாம் பெங்களூர் காக்ஸ் டவுனில் உட்கார்ந்து யோசிக்கிறேன். 1809-இல் கன்டோன்மென்ட் அமைந்ததிலிருந்தே இந்தப் பக்கம் தமிழ் கேட்கிற பக்கம். மதராஸ் பட்டாளத்துச் சிப்பாய்கள், அவர்களுக்குப் பின்னால் வந்த சமையல்காரர், வண்ணார், தச்சர், ஒப்பந்தக்காரர் என்று ஒரு முழு ஊரே வடஆற்காட்டிலிருந்து பெயர்ந்து வந்தது. 1898 பிளேக்குக்குப் பிறகு நெரிசலிலிருந்து விலகி வடக்கே புதிய குடியிருப்புகள் உருவாயின. தெருவுக்கும் டவுனுக்கும் வெள்ளைக்கார அதிகாரிகளின் பெயர். வீட்டுக்குள் வாணியம்பாடியும் ஆம்பூரும். இன்றைக்கும் காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் கீரைக்காரம்மாவிடம் தமிழிலும், பக்கத்துக் கறிக்கடையில் தக்கனியிலும், வார்டு ஆபீஸில் கன்னடத்திலும் பேசிவிட்டு வருவது ஒரே நடையில் முடிகிற காரியம். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு பள்ளியை நடத்துவது என்றால் நாலு பாஷைக்காரப் பெற்றோரின் நம்பிக்கையை ஒரே ஆள் சம்பாதிக்க வேண்டும்.

எப்படிச் சம்பாதிப்பது என்று கேட்டால், நிர்வாகத்தார் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது கேமரா. 2014-இல் இந்த நகரத்தில் பள்ளிக் குழந்தைகளின் பாதுகாப்பு பெரும் கொந்தளிப்பைக் கிளப்பியது. அதன்பின் காவல்துறை வெளியிட்ட நெறிமுறைகளில் சிசிடிவியும் இருந்தது. தேவையில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் அது பிரின்சிபாலின் அறையில் என்ன செய்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சுவரில் பெரிய டிவி, அதில் கட்டம் கட்டமாக வகுப்பறைகள், வராந்தா, கழிப்பறைக்குப் போகும் வழி. அவர் எல்லோரையும் பார்க்கிறார். அவரை யாரும் பார்ப்பதில்லை. இடைவேளையில் ஒரு டீச்சர் நாற்காலியில் இரண்டு நிமிஷம் சாய்ந்தால் ஒலிபெருக்கியில் பேர் வருகிறது. வள்ளுவர் கேட்டதற்கு நேர் தலைகீழான ஏற்பாடு இது.

காக்ஸ் டவுனில் ஒரு சந்துக்குள் இருக்கிற நடுத்தரப் பள்ளி ஒன்று, பெயர் வேண்டாம். ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். அங்கே பிரின்சிபால் அம்மா காலையில் கேட் திறக்கிற நேரத்திலிருந்து ப்ரேயர் மணி அடிக்கிற வரை வெளியே நிற்கிறார். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எத்தனையோ பள்ளிகளில் பிரின்சிபால்கள் கேட்டில் நிற்கிறார்கள். அநேகம் பேர் நிற்பது டை இருக்கிறதா, ஷூ கறுப்பா, முடி வெட்டியிருக்கிறதா என்று சோதிப்பதற்காக. இவர் அதையெல்லாம் பி.டி. மாஸ்டரிடம் விட்டிருக்கிறார்.

"என்ன பாட்டி, முட்டி வலி எப்படி?"

"அதான் நடந்தே வந்துட்டனே மிஸ். ஆட்டோக்காரன் அறுபது ரூபா கேக்கிறான்."

அடுத்து ஒரு ஆட்டோ. ஓட்டுகிற அப்பா, பின்னால் பையன். கேட் சாத்துகிற நேரம். அப்பா இறங்கும்போதே காரணத்தோடு இறங்குகிறார்: ஐ.டி.சி. ஃப்ளைஓவர்ல ஜாம் மேடம், கேஸ் தீர்ந்துபோச்சு மேடம்.

"அது கெடக்கட்டும். சாப்டானா?"

"பன்னு வாங்கிக் குடுத்தேன்."

"உள்ள போ கண்ணு, இன்னும் ப்ரேயர் ஆரம்பிக்கல." பையன் போனதும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். "ஃபீஸுக்காக இவனை ஆபீஸ் முன்னாடி நிக்க வெச்சாங்களாமே. நேத்துதான் எனக்குத் தெரிஞ்சுது. இனிமே அப்படி நடக்காது. நீங்க என்னை வந்து பாருங்க."

"எப்ப வரட்டும் மேடம்?"

"நாளைக்கு இதே நேரம், இதே எடம். உள்ள வர வேணாம், டைம் ஆயிடும் உங்களுக்கு."

பையனை நிற்கவைத்த விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது? கேமராவில் அது தெரிந்திருக்காது. அதில் ஒரு பையன் ஓரமாக நிற்பது மட்டும் தெரியும். சொன்னது ஆயாம்மா. பள்ளிகளில் உண்மையான செய்தி ஆயாம்மாவிடமும் வாட்ச்மேனிடமும்தான் இருக்கிறது. எந்தப் பிள்ளை டிபன் பாக்ஸைத் திறக்காமலே மூடுகிறது, எந்த வீட்டில் அப்பா போய்விட்டார், எந்த டீச்சர் ஸ்டாஃப் ரூமுக்குப் போகாமல் லேப் பக்கம் போய் அழுதுவிட்டு வருகிறார் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி. அந்தச் செய்தி மேலே போய்ச் சேர வேண்டுமானால், சொன்னவருக்கு ஆபத்து வரக் கூடாது. சொன்னதற்குப் பலன் இருக்க வேண்டும். ஆயாம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரியாத பிரின்சிபாலுக்கு இது ஒருநாளும் வந்து சேராது. கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது என்று பலர் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். திறந்த கதவுக்கு வெளியே ஒரு பெஞ்சு, பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு கிளார்க், கிளார்க்கிடம் ஒரு ரிஜிஸ்டர். இத்தனையையும் தாண்டிப் போகிற தைரியம் யாருக்கு இருக்கிறதோ அவருக்கு அந்தக் கதவே தேவையில்லை.

அரசுப் பள்ளிக்கு வந்தால் கதை வேறு. அங்கே எச்.எம்.முக்குத் தனி அறை இருப்பதே அபூர்வம். அவரும் ஒரு வகுப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்தான். பொதுவாக நாம் நினைத்துப் பார்க்காத ஒன்றை ஓர் ஆய்வு காட்டியது. கிரெமர், முரளிதரன் முதலான பொருளியலாளர்கள் 2003-இல் இந்தியாவின் பெரும்பாலான மாநிலங்களில் முன்னறிவிப்பின்றிப் பள்ளிகளுக்குப் போய்ப் பார்த்தார்கள். அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களில் நால்வரில் ஒருவர் அன்றைக்குப் பள்ளியில் இல்லை. கர்நாடகத்தில் 21.7 விழுக்காடு, தமிழ்நாட்டில் 21.3, இரண்டு மாநிலமும் இந்த விஷயத்தில் காவிரிச் சண்டை போட இடமில்லை. அந்த ஆய்வில் என்னை நிறுத்திய தகவல் இன்னொன்று: மற்ற ஆசிரியர்களைவிடத் தலைமையாசிரியர்கள்தான் அதிகமாகப் பள்ளியில் இல்லாமல் இருந்தார்கள். பாதிக் காரணத்தை எந்த எச்.எம்.மும் உடனே சொல்லிவிடுவார். பி.இ.ஓ. ஆபீஸ் மீட்டிங், பயிற்சி வகுப்பு, தேர்தல் வேலை, மதிய உணவுக் கணக்கு, போர்ட்டலில் ஏற்ற வேண்டிய விவரம். மேலேயிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் அவர் எப்போது கேட்டில் நிற்பது? மீதிப் பாதிக் காரணத்தை அவர்கள் சொல்ல மாட்டார்கள், நாமும் கேட்பதில்லை.

அதே ஆய்வில் மற்றொரு கணக்கு. ஏறத்தாழ 3,000 அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்களைக் கேட்டதில், தொடர்ந்து வராத ஆசிரியரைப் பணிநீக்கம் செய்ததாகச் சொன்னவர் ஒரே ஒருவர். நிர்வாகவியல்காரர்கள் இதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வார்கள், எச்.எம்.முக்கு அதிகாரம் கொடு என்பார்கள். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. நியமிக்க முடியாது, நீக்க முடியாது, சம்பளத்தில் கை வைக்க முடியாது, மாற்றல் கேட்டால் தடுக்க முடியாது. இப்படி ஒருவரை உட்காரவைத்துவிட்டால் அவரிடம் மிஞ்சுவது என்ன? தாமதமாக வருகிற ஆசிரியரிடம் "அம்மாவுக்கு டயாலிசிஸ் இன்னிக்கா?" என்று கேட்கத் தெரிந்திருப்பது. அடுத்த வாரம் அந்த ஆசிரியரிடம் "ஏழாம் வகுப்புக்குப் பின்னம் இன்னும் வரல" என்று சொல்ல அந்தக் கேள்விதான் அவருக்கு உரிமை கொடுக்கிறது. அரசுப் பள்ளி எச்.எம்.முக்கு உறவு என்பது மனிதவளப் பயிற்சியில் கற்றுத்தருகிற உத்தி அல்ல. கையில் இருக்கிற ஒரே காசு.

தனியார் பள்ளியில் நிலைமை நேர்மாறு. அங்கே பிரின்சிபாலோ செயலாளரோ நினைத்தால் ஏப்ரலோடு ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். பல டீச்சர்களுக்கு நியமன உத்தரவே பத்து மாதத்துக்குத்தான். இந்த நிலையில் பிரின்சிபால் ரவுண்ட்ஸ் வருகிறார் என்றால், வகுப்பில் என்ன நடக்கும்? கரும்பலகையில் தேதி சரியாக எழுதப்படும். பின்பெஞ்சுக்காரனை எழுப்பிவிடுவார்கள். கேள்வி கேட்கத் தெரிந்த நாலு பேரிடம் மட்டும் கேள்வி போகும். அவர் தாண்டிப் போனதும் பழையபடி. வகுப்பறையைப் பார்த்துவிட்டு வந்ததாக அவர் டைரியில் எழுதிக்கொள்வார்.

ரவுண்ட்ஸைப் பற்றி அமெரிக்காவில் கிரிஸம், லோப், மாஸ்டர் என்ற மூவர் ஒரு வேலை செய்தார்கள். மயாமி டேட் மாவட்டத்தில் சுமார் 100 பிரின்சிபால்களின் பின்னாலேயே நாள் முழுக்க நடந்து, அவர்கள் எந்தக் காரியத்துக்கு எவ்வளவு நேரம் செலவழிக்கிறார்கள் என்று மூன்று வெவ்வேறு ஆண்டுகளில் குறித்தார்கள், 2013-இல் வெளியிட்டார்கள். கற்பித்தல் சம்பந்தப்பட்டதற்கு அவர்கள் கொடுத்தது நாளில் எட்டில் ஒரு பங்கு. அதிலும் அதிக நேரம் பிடித்தது வகுப்புகளுக்குள் தலையைக் காட்டிவிட்டு வருவது. அப்படித் தலை காட்டியதால் பிள்ளைகளின் படிப்பு முன்னேறவில்லை. பார்க்கப்போனால், அதற்கு அதிக நேரம் கொடுத்த பள்ளிகளில் முன்னேற்றம் குறைவாகவே இருந்தது. ஆசிரியரோடு உட்கார்ந்து அவருடைய பாடத்தைப் பற்றிப் பேசி வழிகாட்டியதற்குத்தான் பலன் தெரிந்தது. கண்ணில் பட்டால் போதும் என்று போதிக்கிற தலைமைத்துவப் புத்தகங்கள் விமான நிலையக் கடைகளில் குவிந்துகிடக்கின்றன. அவற்றை எழுதியவர்கள் இந்த ஆய்வைப் படித்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். சிகாகோவில் 1990களில் 400-க்கும் மேற்பட்ட தொடக்கப்பள்ளிகளைப் பார்த்த பிரைக், ஷ்னைடர் என்ற ஆய்வாளர்கள் தேடிப்போனது தலைவரின் நடமாட்டத்தை அல்ல. ஆசிரியரும் பெற்றோரும் தலைமையாசிரியரும் ஒருவரையொருவர் எந்த அளவுக்கு நம்புகிறார்கள் என்று கேட்டார்கள். நம்பிக்கை உறுதியாக இருந்த பள்ளிகள் வாசிப்பிலும் கணக்கிலும் மேலேறுவதற்கான வாய்ப்பு பல மடங்கு அதிகமாக இருந்தது.

காக்ஸ் டவுனில் இந்த நம்பிக்கைக்குக் குறுக்கே நிற்பது பெரும்பாலும் மொழி. தாய்மொழி வழிக் கல்வியை அரசு கட்டாயமாக்க முடியாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் கர்நாடக வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அதற்கு ரொம்ப நாள் முன்பே இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் தீர்ப்பை எழுதிவிட்டன. கன்டோன்மென்டின் தமிழ்வழிப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். இங்கிலீஷ் மீடியத்துக்கு வரிசை நீண்டது. பெற்றோர் கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கிறது. நாலு வீட்டில் வேலை முடித்துவிட்டு அவசரமாகப் புடவை மாற்றிக்கொண்டு வந்த அம்மா, கடைசி வரிசையில் உட்கார்ந்து, எல்லோரும் கை தட்டும்போது தட்டிவிட்டு, ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். ஒன்றும் கேட்பதில்லை. அக்கறை இல்லாத பேரன்ட் என்று டீச்சர் நோட்டில் எழுதுகிறார். அதே அம்மா கேட்டில் நிற்கிற பிரின்சிபாலிடம் பத்து நிமிஷம் மூச்சுவிடாமல் பேசுவதை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நின்ற ஜீவனஹள்ளிக்காரத் தகப்பனிடம் அந்த பிரின்சிபால் அப்படியே கன்னடத்துக்குத் தாவினார். இலக்கணம் உதைத்தது. அவர் சிரித்தார், இவரும் சிரித்தார், வேலை நடந்துவிட்டது.

இந்தக் கேட் சமாச்சாரத்தில் ஒரு கள்ளத்தனமும் உண்டு. சில பள்ளிகளில் பிரின்சிபால் எல்லோருக்கும் இனியவர். பிள்ளைகள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்ளும், பெற்றோர் உருகுவார்கள். கூர்ந்து பார்த்தால் உள்ளே ஒரு வைஸ் பிரின்சிபாலோ அட்மினிஸ்ட்ரேட்டரோ புலியாக நியமிக்கப்பட்டிருப்பார். ஃபீஸ் கேட்பது அவர், மெமோ கொடுப்பது அவர், டி.சி. வாங்கிக்கொண்டு போ என்பது அவர். வள்ளுவரின் முதல் நிபந்தனையைத் தனக்கு வைத்துக்கொண்டு, இரண்டாவதை மீறுகிற வேலையைச் சம்பளம் கொடுத்து இன்னொருவரிடம் விட்டிருக்கிறார் பெரியவர். இந்த ஏற்பாட்டைவிட போப்பின் நேரடிக் கண்டிப்பு எவ்வளவோ நாணயமானது. அந்தச் சந்துப் பள்ளி அம்மா ஆட்டோக்காரரிடம் "இனிமே நடக்காது" என்றது எனக்குப் பிடித்ததற்குக் காரணம் அதுதான். ஆபீஸ் செய்தது தான் செய்ததாகவே அவர் ஏற்றுக்கொண்டார்.

ஒரு சிக்கலுக்கு மட்டும் எனக்கு விடை கிடைக்கவில்லை. இப்படிப்பட்டவர்கள் ஓய்வு பெறுகிறார்கள். அரசுப் பள்ளி என்றால் கவுன்சலிங்கில் இடம் மாறுகிறார்கள். சிஸ்டர்கள் நடத்தும் பள்ளி என்றால் சபை சில ஆண்டுகளில் வேறு ஊருக்கு அனுப்பிவிடுகிறது. பொறுப்பு ஒப்படைக்கும்போது சாவிக்கொத்து, முத்திரை, அட்மிஷன் ரிஜிஸ்டர், அசையாச் சொத்துப் பட்டியல் எல்லாம் கையெழுத்தாகிக் கைமாறும். பாட்டியின் முட்டிவலியும் ஆட்டோக்காரரின் தவணையும் எந்தப் பட்டியலிலும் வராது. புதியவர் ஜூன் மாதம் வந்து முதலிலிருந்து தொடங்குவார். பெரும்பாலும் டை, ஷூவிலிருந்து. போகிறவரும் வருகிறவரும் ஒரு மாதமாவது கேட்டில் சேர்ந்து நிற்க வேண்டும், இவர் யார் அவர் யார் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் பழையவர் போக வேண்டும் என்று ஒரு நிர்வாகக் குழு உறுப்பினரிடம் சொன்னேன். இரண்டு பேருக்கும் சேர்த்து அந்த மாதச் சம்பளத்தை யார் கொடுப்பது என்றார். கரஸ்பாண்டன்ட் அறைக்கு ஏ.சி. வாங்கிய அதே கணக்கில் எழுதுங்கள் என்றேன். இன்னும் கூட்டத்தில் வைக்கவில்லை.